ஸ்பூன் போன்ற ஒரு பொருள்

"ஸ்பூன் எங்கே?"

சமையலறையிலிருந்து விசாலாக்ஷி கேட்டாள். டிபன் கேரியரின் அடுக்குகள் குழாயடியில் கழுவப்படும் சத்தம் வந்துகொண்டிருந்தது. வேதாந்தம் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஸ்பூன்?"

"எலுமிச்சஞ்சாதத்தோட வெச்சு அனுப்பிச்சேனே, என் பேர் போட்டது. அம்மா சீரா குடுத்தது."

"அதுலயே இருக்கும், நன்னா பாரு."

"இருந்தா ஏன் கேக்கறேன்?"

வேதாந்தம் யோசித்தார். யோசிக்க யோசிக்க ஃபேன் காற்றிலும் வியர்த்தது. அந்த ஸ்பூனைக் கடைசியாக அவர் பார்த்த இடம் ஒரு விமானத்தின் உள்ளே.

வேதாந்தம் மருதம் ஏர்வேஸில் பர்சனல் ஆபீசர். தொண்ணூறுகளில் தனியார் விமானக் கம்பெனிகள் திடீர் திடீரென்று முளைத்தபோது முளைத்த ஒன்று அது. விளம்பரக் காலண்டரில் இரண்டு விமானங்கள் ஜோடியாக மேகத்துக்குள்ளிருந்து வெளிவரும். ஆபீஸ் அடையாறில், விமானக் கொட்டகை மீனம்பாக்கத்தில். சம்பளம், லீவு, பி.எஃப்., மெமோ எல்லாம் வேதாந்தத்தின் பொறுப்பு. விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அது பறக்கும்.

அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டுத்தான் எம்.டி. கல்யாணராமன் ஒரு கற்றைக் காகிதத்தைக் கொடுத்தார். விமானத்தை வாடகைக்குக் கொடுத்திருந்த அயல்நாட்டுக் கம்பெனி அனுப்பியது. வேலை செய்பவர்கள் தங்கள் தவறைப் பயமில்லாமல் வெளியே சொல்கிறார்களா, பாதுகாப்பு என்று முதலாளி வாயால் சொல்வது நிஜத்தில் நடக்கிறதா என்றெல்லாம் கேள்வி கேட்டு, பதிலுக்கு மார்க் போட்டு, கொட்டகையில் என்ன மாதிரியான சூழ்நிலை நிலவுகிறது என்று அளக்க வேண்டுமாம்.

"ப்ளேனை அளக்கலாம், பெட்ரோலை அளக்கலாம். இதை எப்படி சார் அளக்கறது?" என்றார் வேதாந்தம்.

"அதுக்குத்தான் ஃபாரம் குடுத்திருக்கானே. தமிழ்ல போட்டு, டிக் வாங்கி, கூட்டிப் போட்டு அனுப்புங்க. மார்க் கம்மியா வந்தா ப்ளேனைத் திருப்பி எடுத்துண்டு போயிடுவான்."

வேதாந்தம் அகராதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து மொழிபெயர்த்தார். 'ஸேஃப்டி க்ளைமேட் சர்வே' என்ற தலைப்பிலேயே தடுக்கி விழுந்தார். கடைசியில் 'பாதுகாப்புத் தட்பவெப்பநிலை ஆய்வு' என்று போட்டார். கொட்டகையில் அதைப் படித்தவர்கள் எல்லோரும், "தட்பம் எங்க சார் கீது? ஒரே வெப்பம்தான். ரெண்டு ஃபேன் போடச் சொல்லுங்க" என்று ஒருமுகமாகக் கோரிக்கை வைத்தார்கள். பிறகு எல்லாக் கேள்விக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்று டிக் அடித்தார்கள். 'என் மேலதிகாரி பாதுகாப்பில் மிகுந்த அக்கறை உள்ளவர்' என்பதையும் முழுமையாக ஒப்புக்கொண்டார்கள். அதற்கு அடுத்தாற்போல இருந்த 'என் மேலதிகாரிக்குப் பாதுகாப்பில் அக்கறையே கிடையாது' என்பதையும் முழுமையாக ஒப்புக்கொண்டார்கள்.

கல்யாணராமன் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பயப்படறாங்க வேதாந்தம். நீங்க மெமோ குடுக்கற ஆள். உங்களைப் பார்த்தா யாரு மனசைத் திறப்பான்? போய்ப் பழகுங்க. கூட உட்கார்ந்து சாப்பிடுங்க."

ஆகவே வேதாந்தம் அன்று மத்தியானம் டிபன் கேரியருடன் மீனம்பாக்கம் போனார். செம்பியன் என்ற இளம் மெக்கானிக் அவரைப் பார்த்து முதலில் எழுந்து நின்றான். அப்புறம், "இங்க வேணாம் சார், தகரம் கொதிக்குது. நாங்க ப்ளேன்லதான் துன்னுவோம். ஜோரா காத்து வரும்" என்று கூட்டிக்கொண்டு போனான். கொட்டகைக்குப் பின்னால் நிழலில் விமானம் நின்றிருந்தது. ஏணி வைத்து ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்க, சிலுசிலுவென்று காற்று. உள்ளே பெருக்கித் துடைக்கும் முத்தம்மாவும் தன் தூக்குச்சட்டியோடு வந்து சேர்ந்தாள்.

"ஐயரூட்டு எலுமிச்சஞ்சோறா? கொஞ்சம் இப்படிக்கா தள்ளு சார்" என்றாள் முத்தம்மா. வேதாந்தத்துக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. மனசு திறக்கிறது, தட்பவெப்பம் மாறுகிறது என்று தோன்றியது. ஸ்பூனால் எல்லோருக்கும் எடுத்து எடுத்து வைத்தார். ஸ்பூன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. வடுமாங்காயை எல்லோரும் கொண்டாடினார்கள். அப்புறம் கேரியரை மூடிக்கொண்டு இறங்கிவிட்டார்.

ஸ்பூன் இறங்கவில்லை.

"ஆபீஸ்ல இருக்கும். நாளைக்குக் கொண்டுவரேன்" என்றார் விசாலாக்ஷியிடம்.

சொல்லிவிட்டாரே தவிர, உட்கார முடியவில்லை. நாளைக் காலை அந்த விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போகும். ஸ்பூன் உருண்டு ஏதாவது இடுக்கில் விழுந்து, கம்பியிலோ பல் சக்கரத்திலோ மாட்டிக்கொண்டால்? விமானத்தில் பல் சக்கரம் உண்டா என்பது அவருக்குத் தெரியாது. இருக்கும் என்றுதான் பயமாக இருந்தது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. கொட்டகை வாசலில் ஒரு சர்க்குலர் ஒட்டியிருந்தது. 'விமானத்துக்குள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருளை விட்டுச் செல்பவர்கள் எவராயினும் உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்படுவார்கள்.' எம்.டி. சொல்லச் சொல்ல எழுதி, 'எவராயினும்' என்ற சொல்லைத் தானே யோசித்துச் சேர்த்து, கீழே கையெழுத்தும் போட்டவர் வேதாந்தம்.

போதாக்குறைக்கு ஸ்பூனின் காம்பில் 'சௌ. விசாலாக்ஷி' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. மருதம் ஏர்வேஸ் முழுவதிலும் விசாலாக்ஷியின் கணவர் அவர் ஒருவர்தான்.

போனை எடுத்துக் கொட்டகைக்குச் சுழற்றினார். அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பு வலியுல்லா. விமானம் பறக்கலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் பறக்கும்.

"ஹலோ, வலியுல்லா பேசறேன்."

"நான் வேதாந்தம்."

"சொல்லுங்க சார்."

"ஒண்ணுமில்லே. எல்லாரும் சௌக்கியமா இருக்கேளான்னு கேக்கலாம்னு..."

"இருக்கோம் சார், அல்லா புண்ணியத்துல."

"ப்ளேன்?"

"ப்ளேனும் சௌக்கியம் சார்."

"சந்தோஷம்" என்று வைத்துவிட்டார்.

பர்சனல் ஆபீசர் பொழுது சாய்ந்த பிறகு போன் பண்ணி எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? கொட்டகையில் அது ஒரே அர்த்தமாகத்தான் எடுத்துக்கொள்ளப்பட்டது. யாருக்கோ சீட்டுக் கிழியப் போகிறது.

மறுநாள் காலை வேதாந்தம் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு மாநிலச் செய்திகள் கேட்டார். மேட்டூர் அணையின் நீர்மட்டம் சொன்னார்கள். விமானம் எதுவும் விழவில்லை. ஆபீசுக்குப் போய் விசாரித்தார். கோயம்புத்தூர் போய்ச் சமர்த்தாகத் திரும்பி வந்துவிட்டதாம். 'இன்றைக்குத் தப்பித்தது. சாயங்காலம் மதுரை போகிறதே' என்று மனசு உடனே அடுத்ததைப் பிடித்துக்கொண்டது. ஒரு ஆட்டோ பிடித்து மீனம்பாக்கம் போனார்.

விமானம் கொட்டகைக்குள் ஜாக்கிகளின் மேல் நின்றிருந்தது. "சும்மா உள்ள ஏறி ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார்.

"இப்ப மேல ஏறக் கூடாது சார், சக்கரத்தைக் கழட்டியிருக்கோம்" என்றார் வலியுல்லா, அவரை ஏற இறங்கப் பார்த்து.

ஏற முடியாவிட்டால் என்ன, கீழே விழுந்திருந்தால்? வேதாந்தம் விமானத்தின் வயிற்றுக்கு அடியில் குனிந்தார். அப்புறம் மண்டியிட்டார். வேட்டி கட்டும் மனிதருக்கு பேண்ட்டில் தவழ்வது கஷ்டம். ஆனாலும் தவழ்ந்தார்.

"இன்னா சார் தேடுறீங்க?" செம்பியனின் முகம் தலைகீழாகத் தெரிந்தது.

"தேடலையே. தரையைப் பார்க்கறேன்."

"தரைக்கு இன்னா?"

"நன்னா இருக்கான்னு."

அவர் ஆட்டோவில் ஏறிய அடுத்த நிமிஷம் வலியுல்லா எல்லோரையும் கூட்டினார். "ஆபீசரே மொழங்கால் போட்டு தரையைப் பார்த்துட்டுப் போறாரு. நாளைக்கு எம்.டி. வருவாருபோல. அடிச்சுக் கழுவுங்கப்பா." மூலைமுடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீர் பாய்ந்தது. குப்பை எல்லாம் லாரியில் ஏறிப் போயிற்று. செம்பியன் மட்டும் ஒரு பேச்சும் பேசாமல், வெளிறிய முகத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தான் என்பது வேதாந்தத்துக்குத் தெரிய நியாயமில்லை.

அவர் அப்போது தி.நகரில் ஒரு பாத்திரக் கடையில் இருந்தார். வீட்டுப் பிரச்சினையையாவது தீர்த்துவிடலாம் என்று யோசனை. அதே நீளம், அதே வளைவு, காம்பின் நுனியில் அதே பூ. கடைக்காரர் பேர் வெட்டுகிற மெஷினைக் கையில் எடுத்து, "என்ன பேருங்க?" என்றார்.

"சௌ. விசாலாக்ஷி."

டர்ரென்று வெட்டிக் கொடுத்துவிட்டார். வேதாந்தம் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மயிலாப்பூர் பஸ் ஏறினார்.

விசாலாக்ஷி ஸ்பூனைக் கையில் வாங்கி விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"யார் இது?"

"எது?"

"விசாலாட்சின்னு போட்டிருக்கு. நான் க்ஷி. இது ட்சி. யார் இந்த ட்சி?"

வேதாந்தம் எட்டி அந்த எழுத்தைப் பார்த்தார்.

"யாராத்து ஸ்பூனை எடுத்துண்டு வந்திருக்கேள்? ஆபீஸ்ல அந்தப் பேர்ல யாராவது இருக்காளா? அவளோட உட்கார்ந்துண்டுதான் சாப்பிடறேளா?"

"ஐயோ, அவ பேர் முத்தம்மா!" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் மறைப்பதற்கில்லை. எல்லாவற்றையும் சொன்னார். எலுமிச்சஞ்சாதம், காற்று, சர்க்குலர், தவழ்ந்தது, தி.நகர். விசாலாக்ஷி கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஸ்பூனை மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஸ்பூன் போனா போறது. அந்த ப்ளேன்ல மனுஷா போறா."

"தெரியறது."

"கைக்கொழந்தையோட போறவா இருப்பா. நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்கோ."

"சொன்னா வேலை போயிடும் விசாலம். இந்த வயசுல எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"சொல்லலேன்னா?"

வேதாந்தம் அன்றிரவு சாப்பிடவில்லை. மோரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார்.

காலையில் ஒரு வழி தோன்றியது. தானாகச் சொல்லவும் வேண்டாம், சொல்லாமல் இருக்கவும் வேண்டாம். ஆய்வு இருக்கிறதே! கூடுதலாக ஒரு கேள்வியை டைப் அடித்து, நகல் எடுத்து, தானே கொட்டகைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

'விமானத்தின் உள்ளே எவரேனும் ஸ்பூன் போன்ற ஒரு பொருளை மறந்து வைத்துவிட்டார் என்று நீங்கள் கருதினால், உடனே விமானம் முழுவதையும் சோதிப்பீர்களா? ஒப்புக்கொள்கிறேன் / மறுக்கிறேன்.'

வலியுல்லா அதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"சார், அது இன்னா ஸ்பூன்?"

"சும்மா ஒரு உதாரணம்."

"ஸ்பேனர்னு போட்டிருக்கலாம், ஸ்குரூ டிரைவர்னு போட்டிருக்கலாம். ஸ்பூன்னு யாரு சார் உதாரணம் சொல்வாங்க?"

"வாய்ல வந்தது..."

"முந்தாநாள் போன் பண்ணி ப்ளேன் சௌக்கியமான்னு கேக்குறீங்க. நேத்து அடியில பூந்து தேடுறீங்க. இன்னிக்கு ஸ்பூன்னு எழுதிக் குடுக்குறீங்க." வலியுல்லாவின் குரல் தாழ்ந்தது. "உங்களுக்கு எவனோ தகவல் குடுத்திருக்கான். ஆளைக் காட்டிக் குடுக்க வேணாம்னு கேள்வியாக் கேக்குறீங்க. கரெக்டா?"

வேதாந்தம் தலையை ஆமாம் என்றும் இல்லை என்றும் படாமல் பொதுவாக ஆட்டினார்.

"போதும் சார், புரிஞ்சிருச்சு" என்ற வலியுல்லா திரும்பிக் கத்தினார். "மதுரை கேன்சல்! சீட்டு, கார்ப்பெட்டு, பலகை, எல்லாத்தையும் கழட்டுங்க! ஸ்பூன் கிடைக்காம ப்ளேன் நகராது!"

சாயங்காலத்துக்குள் விமானத்தின் குடல் முழுவதும் கொட்டகைத் தரையில் பரப்பப்பட்டிருந்தது. ஸ்பூன் கிடைக்கவில்லை. சீட் இடுக்குகளில் ஒரு கம்மல், ஒரு குழந்தையின் சாக்ஸ், பாதி தின்ற மைசூர்பாகு கிடைத்தன. அப்புறம், வாலுக்குப் பக்கத்தில் தரைப் பலகையைக் கழற்றியபோது, விமானத்தைத் திருப்புகிற கம்பிக்கு விரற்கடை தூரத்தில் ஒரு ஸ்பேனர் கிடந்தது.

எல்லோரும் வேலையை அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றி நின்றார்கள். விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத வேதாந்தத்துக்கே அவர்கள் முகத்தைப் பார்த்து விஷயம் புரிந்தது. அது இன்னும் கொஞ்சம் நகர்ந்து கம்பியில் சொருகியிருந்தால், மேட்டூர் அணை நீர்மட்டத்துக்கு முன்னால் வேறு செய்தி வாசித்திருப்பார்கள்.

மதுரைப் பயணிகளுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, கல்யாணராமன் முகம் சிவக்க வேதாந்தத்தைக் கூப்பிட்டார்.

"ஸ்பேனரை விட்டவன் யாரு? ஸ்பூனை விட்டவன் யாரு? எனக்கு ரெண்டு பேர் வேணும். விசாரணை அதிகாரி நீங்கதான்."

"நானா சார்?"

"உங்களுக்குத்தானே எவனோ வந்து தகவல் சொல்லியிருக்கான்? உங்ககிட்டத்தான் மனசைத் திறக்கறாங்க. அளக்கச் சொன்னேன், நீங்க கண்டேபிடிச்சிட்டீங்க. வெரி குட்."

இப்படியாக, ஸ்பூனை விட்டவனைப் பிடிக்கும் பொறுப்பு ஸ்பூனை விட்டவரிடமே வந்தது.

மறுநாள் கொட்டகையின் ஓரத்து அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். விசாரணை அதிகாரி என்றால் மேஜையைத் தட்ட வேண்டும், முறைக்க வேண்டும். வேதாந்தத்தால் யாரையும் நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. "உட்காருங்கோ. ஜலம் குடிக்கறேளா? தப்பு யாருக்கும் வரும். எனக்கும்... யாருக்கும் வரும்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

குற்றவாளியைப் போல உட்கார்ந்திருக்கும் விசாரணை அதிகாரியை அவர்கள் பார்த்ததே இல்லை. ஒருவன் போன மாசம் எண்ணெய் மாற்றாமல் மாற்றியதாகச் சொல்லிவிட்டதைச் சொன்னான். இன்னொருவன் தனக்கு மாலையில் கண் சரியாகத் தெரிவதில்லை என்றான். வலியுல்லாவே வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மேலிடத்து அவசரத்துக்காகப் பரிசோதிக்காமல் ஒருமுறை கையெழுத்துப் போட்டதையும், அந்த விமானம் திரும்பி இறங்கும்வரை பிரார்த்தனை செய்ததையும் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் முழுமையாக ஒப்புக்கொண்டவர்கள் இப்போதுதான் நிஜமாகவே ஒப்புக்கொண்டார்கள். வேதாந்தம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசியில் செம்பியன் வந்தான். உட்காரவில்லை.

"ஸ்பேனர் என்னுது சார்."

"தெரிஞ்சேதான் விட்டியா?"

"தெரிஞ்சி விடுவனா? உள்ள வேலை பாத்துகினு இருந்தேன், அவசரம்னு மூடச் சொல்ட்டாங்க. அப்பால பாத்தா ஒண்ணு கொறையுது. எங்க வுட்டேன்னே தெரில. சொல்லலாம்னுதான் வந்தேன் சார். வாசல்ல அந்த நோட்டீஸைப் பாத்தேன். அப்டியே திரும்பிட்டேன்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஈக்காட்டுத்தாங்கல்ல ஒரு கடைல அதே மாரி ஸ்பேனர் வாங்கியாந்து எடத்துல மாட்டிட்டேன். யாருக்கும் தெரில. ஆனா டெய்லி ப்ளேன் கெளம்பறப்போ வாசல்லயே நின்னுகினு இருப்பேன் சார். எறங்குறவரிக்கும் சோறு எறங்காது."

முந்தாநாள் புது ஸ்பூனைப் போட்டுக்கொண்டு போன பாக்கெட்டை வேதாந்தம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதே மாதிரி ஒன்றை வாங்கி மாட்டுவதில் உள்ள வேதனை அவருக்குப் புதிதல்ல.

"ஸ்பூன் மட்டும் சத்தியமா எனக்குத் தெரியாது சார்" என்றான் செம்பியன்.

"தெரியும்" என்றார் வேதாந்தம்.

அடையாறு ஆபீசில் கல்யாணராமன் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. "ஸ்பேனரை விட்டவன்தான் ஸ்பூனையும் விட்டிருப்பான். பழக்கதோஷம். இப்பவே டிஸ்மிஸ் ஆர்டர் அடிச்சுக் கொண்டு வாங்க. வெள்ளைக்காரனுக்கு நாம எவ்வளவு கண்டிப்புன்னு தெரியட்டும்."

வலியுல்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். விமானத்துக்குள் பெருக்குபவள் என்பதால் சாட்சிக்காக முத்தம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். ஏ.சி. குளிருக்குப் புடவையைப் போர்த்திக்கொண்டு கதவோரம் நின்றாள். செம்பியன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

வேதாந்தம் நகரவில்லை.

"என்ன நிக்கறீங்க? போய் அடியுங்க."

"ரெண்டு ஆர்டர் அடிக்கணும் சார்."

"ரெண்டாவது யாருக்கு?"

"எனக்கு. ஸ்பூன் என்னுது."

கல்யாணராமன் சிரித்தார். பிறகு வேதாந்தத்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

வேதாந்தம் மூச்சு விடாமல் சொன்னார். "நீங்க பழகச் சொன்னேள். ப்ளேன்ல உட்கார்ந்து சாப்பிட்டேன். மறந்துட்டேன். அன்னிக்கே தெரிஞ்சுடுத்து. சொல்லப் பயமா இருந்தது. ரேடியோவைக் கேட்டுண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, வாயைத் திறக்கலை. அவ்வளவு பேர் அதுல போயிட்டு வந்தா. இந்தப் பையன் பயந்தானேன்னு அவனை அனுப்பினா, அவனுக்கு மேல பயந்த என்னை எதுல சேர்க்கறது? நான் எழுதின நோட்டீசுக்கு நானே பயந்தேன் சார். மத்தவா ஏன் பயப்பட மாட்டா?"

வலியுல்லா, "இவரு எழுதின கேள்வியாலதான் சார் ஸ்பேனர் கிடைச்சுது. இல்லேன்னா இன்னிக்கு நாம இங்க நின்னு பேசிக்கினு இருக்க மாட்டோம்" என்றார் மெதுவாக.

கல்யாணராமன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கோபக்காரர்தான், ஆனால் முட்டாள் அல்ல. பாதுகாப்பை அளக்கப் போன அதிகாரியையே டிஸ்மிஸ் செய்தோம் என்று அயல்நாட்டுக் கம்பெனிக்கு எப்படி எழுதுவது என்று யோசித்திருக்கலாம். அந்தக் கம்பியையும் ஸ்பேனரையும் கூட நினைத்திருக்கலாம். திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அந்த நோட்டீஸைக் கிழிச்சுப் போடச் சொல்லுங்க வலியுல்லா. யாரு தப்பு பண்ணினாலும் அன்னிக்கே வந்து சொன்னா, வேலை போகாதுன்னு வேற எழுதி ஒட்டுங்க. அந்தப் பையனை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லுங்க." வேதாந்தத்தைப் பார்த்தார். "வெள்ளைக்காரனுக்கு நடந்ததை நடந்தபடி எழுதுங்க. எலுமிச்சஞ்சாதம் வேண்டாம். லஞ்ச்னு போடுங்க."

மூன்று நாளாக வேதாந்தத்தின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. விசாலாக்ஷிக்குப் போன் பண்ண வேண்டும் என்று நினைத்தார்.

"எல்லாம் சரி சார்" என்றார் வலியுல்லா, கடமையை விடாமல். "ஆனா ஸ்பூன் இன்னும் கிடைக்கல. கிடைக்காம நான் ப்ளேனை விட முடியாது. மொத்தமா பிரிச்சுப் போட்டுட்டேன், காணோம். கரெக்டா எந்த இடத்துல உட்கார்ந்தீங்க, சொல்லுங்க."

"பின்பக்கம் நிழல்ல நின்னுதே, அப்போ ஏணி வெச்சு ஏறினோம். கடைசி வரிசை, ஜன்னலோரம். முத்தம்மாகூடப் பக்கத்துல இருந்தாளே."

முத்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அய்ய, அதுக்கா சார் இம்மாம் ரகளை? நீ குந்திகினு துன்னது ஷெட்டுக்குப் பின்னால வருசக்கணக்கா நிக்குதே அந்தப் பழசு. அதுக்கு இன்ஜினே கெடையாது!"